காதுகுத்து ரேட்டில் ஒரு கல்யாணம்

இல்லை சித்தி, யாரும் சாகவில்லை. புத்தாண்டு வாழ்த்துத் தந்தி அனுப்பியதும் நான்தான். இது மே மாதம் என்று எனக்குத் தெரியும்.

ஆவடி, 19-5-92

ஜபல்பூரில் இருக்கும் சாராள் சித்திக்கும் சித்தப்பாவுக்கும், ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் (இப்போது மறுபடியும் எண்ணிப் பார்த்தேன், மூன்று பேரும்) உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம் என்று புஷ்பா வணக்கத்துடன் எழுதுவது. அங்கே வெயில் எப்படி? சித்தப்பாவின் முழங்கால் எப்படி? இந்த இரண்டையும் முதலில் கேட்டுவிட வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். கேட்டுவிட்டேன்.

'யார் போனது, உடனே பதில்' என்ற உங்கள் தந்தி ஞாயிறு சாயங்காலம் வந்தது. பதில் கொடுக்க நேற்றுக் காலை தந்தி ஆபீஸுக்குப் போனோம். நாமே எழுதினால் சொல்லுக்கு இவ்வளவு, அச்சு வாசகத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் பாதிதான் என்றார் கவுண்டரில் இருந்தவர். அம்மா பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். 'யாரும் சாகவில்லை' அதில் இல்லை. திருமண வாழ்த்து இருந்தது, ஆனால் அந்தச் சொல்லை அம்மா இப்போது எங்கேயும் வாயில் எடுப்பதில்லை. மிச்சமிருந்ததில் சந்தோஷமானது புத்தாண்டு. "அவளுக்கு வெளங்கிரும்ட்டி" என்றாள்.

விளங்கியிருக்காது. அதனால் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது. ஜாக்கெட் தைக்கக் கூலி பதினெட்டு ரூபாய்; கல்யாண ஜாக்கெட் என்றால் நாற்பத்தைந்து. அதே துணி, அதே தையல், அதே நான். கோயிலுக்குக் கார் நூற்றைம்பது. ரிப்பன் கட்டினால் நானூறு. ரிப்பன் நாங்களே கொண்டுவருகிறோம் என்றால், அப்போது முந்நூற்றெழுபது. பூக்கார அங்கம்மாவின் முழங்கை நாள்தோறும் ஒரே நீளம்தான், கல்யாணம் என்று காதில் விழுந்தால் மட்டும் நாலு விரல் சுருங்கிவிடுகிறது. ஆகவே அம்மா ஒரு முடிவெடுத்தாள். அந்தச் சொல்லை இனி யாரிடமும் சொல்வதில்லை. தையல்காரரிடம் ஜாக்கெட் திருவிழாவுக்கு என்றாள். கோயிலில் வரும் அறுப்பின் பண்டிகைக்குப் போட்டுக்கொள்ளப்போகிறேன், ஆகவே அது பொய்யில்லை. பேக்கரியில் பிறந்தநாள் கேக் என்றாள். யாருக்காவது அன்றைக்குப் பிறந்தநாள் இருக்கத்தான் செய்யும், ஆகவே அதுவும் பொய்யில்லை. இருபது வருடமாக ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பவள் அல்லவா, ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை.

சனிக்கிழமை பகல் மார்க்கெட் பக்கம் துலுக்கானத்தின் வாடகைக் கடைக்குப் போனோம். சாமியானா, நாற்காலி, அண்டா எல்லாம் கிடைக்கும். சுவரில் ஒரு பலகை. நாற்காலி ஒன்றுக்கு: கல்யாணம், இரண்டு ரூபாய். கட்சிக் கூட்டம், ஒன்றரை, முழுப் பணமும் முன்கூட்டி. காதுகுத்து, ஒன்றேகால். கடைசி வரியில் சாவு, அறுபது பைசா.

ஒரே நாற்காலி சித்தி. இரும்பு, மடக்குவது, உட்கார்ந்தால் தொடையைக் கடிப்பது.

"இன்னாம்மா விசேசம்?" என்றார் துலுக்கானம்.

அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையும் சொல்ல முடியவில்லை. கண் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் போய்ப் போய் வந்தது. அப்புறம் அழுதுவிட்டாள்.

துலுக்கானம் எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "சொல்லாதம்மா. புர்ஞ்சிச்சி. எத்தினி சேரு?"

"இருநூறு."

"அத்தினி பேரு வர்றாங்கன்னா நல்ல மன்சங்கதான். வெளியூரு ஆளுங்க கீறாங்களா?"

"தங்கச்சி ஜபல்பூர்ல இருந்து வரணும்."

"அம்மாந் தூரமா. வெயில் காலம்மா. ஐஸு இல்லாங்காட்டி தாங்காது."

"ஐஸ் நல்லதுதான்" என்றாள் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு. அவள் நினைத்தது சர்பத்தை. தேதி சொல்ல வாயெடுத்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீ ஊட்டுக்குப் போ. குவாட்டர்ஸ் நம்பரு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். மௌனத்தின் பொருள் பற்றி எம்.ஏ. தேர்வில் ஆறு பக்கம் எழுதியவள். அந்த மௌனத்தில் எனக்குப் புலப்பட்டது நாற்காலிக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா மிச்சம் என்பது மட்டும்.

அங்கிருந்து தையல்காரரிடம் போய், கொக்கியை மாற்றி வைக்கச் சொல்லி, வீடு திரும்ப நாலு மணி. வாசலில் சாமியானா நின்றது. வெள்ளை. எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. கம்பம் நட்டுக்கொண்டிருந்த ஆள், "இதுக்கு நாள் கணக்கு கெடையாதும்மா, எடுக்கற வரிக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பூரிப்பு. கல்யாணம் இருபத்தேழாம் தேதி. பதினோரு நாள் நிழல் இலவசம்.

பக்கத்து வீட்டு வரலட்சுமி அக்கா ஒரு பாத்திரம் இட்லியோடு வந்து, என் தலையைத் தடவி, "இன்னிக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

அப்பாவுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். முன்னறையில் வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லாமலே ஒரு ரோஜா மாலை கட்டி எடுத்துவந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், அப்பாவின் காலடியில் வைத்து, ஒரு பாட்டம் அழுவதற்கு மூச்சை இழுத்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்து மணி என்ன என்று கேட்டார். அங்கம்மா பத்து நிமிஷம் தரையிலேயே இருந்தாள். தண்ணீர் கொடுத்தோம். தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம்: "எய்ந்தாலும் மால மாலதான். இருவத்தஞ்சு ரூபா."

ஐந்து மணிக்கு அப்பாவின் செக்‌ஷனிலிருந்து நாலு பேர் சைக்கிளில் வந்தார்கள். கதவைத் திறந்தது அப்பா. சரி, அம்மாதான் போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா காபி கொண்டுவந்தாள். நாலு பேரும் மெதுவாக என் அறைப் பக்கம் திரும்பினார்கள். நான் சர்க்கரை கொண்டுவந்தேன். அப்புறம் அவர்கள் காபியை மட்டும் குடித்தார்கள். கடைசியில் மனோகரன் மாமா, சித்தப்பாவுக்குக்கூடத் தெரிந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டுல மொத்தம் எத்தனை பேர் எட்மண்டு?" என்றார். "மூணு பேர்தான், உனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. செக்‌ஷனில் வசூலித்த கவரை அவர்கள் நீட்டினார்கள். அப்பா அதை மொய் என்று நினைத்தார். "ரொம்ப சந்தோஷம்ப்பா. அன்னிக்கு எல்லாரும் குடும்பத்தோட வந்துரணும், சாப்பிட்டுத்தான் போகணும்." மனோகரன் மாமாதான் பாக்டரி போனில் ஜபல்பூருக்குச் சொன்னது. யார் என்று அவராலும் சொல்ல முடிந்திருக்காது.

நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "நான் பொய் சொல்லல" என்றாள் அம்மா. "அழுதேன். அழக்கூடாதுன்னு எந்தக் கட்டளையில இருக்கு?" இப்போது சொன்னால் நாற்காலி இரண்டு ரூபாய்க்கு ஏறிவிடும். ஞாயிறு கழியட்டும் என்பது அவள் கணக்கு.

ஆறு மணிக்கு உங்கள் மாப்பிள்ளை ஜேம்ஸ் வானகரத்திலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்கப்பாவுக்குச் செய்தி வந்துடுச்சு புஷ்பா. சாவு வீட்டுல நாப்பது நாள் தாண்டாம கல்யாணம் கிடையாதுன்னுட்டார். யாரும் சாகலன்னு நான் சொன்னா, கல்யாண அவசரத்துல சொல்றேன்னுவார். ஜூன் மூணாந்தேதி எனக்கு ஃபிளைட்." சார்ஜாவில் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

இரண்டு வருடம்.

கல்யாணம் ஒரு சமூக ஏற்பாடு என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவர் விட்ட கம்பத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு மூன்றாவது ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கோயிலில் வாசிப்பாரே, அது. முதல் இரண்டு ஓலைக்குத் தலை நிமிராதவர்கள்கூட அன்றைக்குத் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். பாதிச் சபை வெள்ளையில் வந்திருந்தது. ஜேம்ஸின் அப்பா பால்ராஜ் மாமா வானகரத்திலிருந்து எங்கள் கோயிலுக்கே வந்து நாலாவது வரிசையில் இருந்தார். போதகர் வாசித்து முடித்ததும் எழுந்தார்.

"ஐயா, பொண்ணு வீட்டுல ஒரு மரணம். நாள் தள்ளிப் போடணும்."

"யார் காலமானது?" என்றார் போதகர்.

பால்ராஜ் மாமா எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அப்பா, அம்மா, நான். அவருடைய உதடு எண்ணுவது தெரிந்தது. சபையும் எண்ணியது.

அப்போது வாசலில் மீன்பாடி வண்டியின் மணி. துலுக்கானம். வண்டியில் மரத்தூள் தூவி, சாக்குப் போட்டு, நாலு பெரிய ஐஸ் பாளம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்று, தணிந்த குரலில்தான் கூப்பிட்டார். "யம்மா. ஊடு பூட்டிகீது. ஐஸு உருகிகினு கீது. எங்க எறக்கறது?"

அம்மா எழுந்து நின்றாள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கும் குரல்.

"யாரும் சாகல ஐயா. ரேட்டு தாங்கல."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாக்கெட், ரிப்பன், அங்கம்மாவின் முழங்கை, பலகை. துலுக்கானத்தின் முகம் வாடிவிட்டது. "நீ அயுதியேம்மா."

"ரேட்டப் பாத்து அழுதேன்ப்பா."

"நான் டீகூடக் குடிக்காம ஓடி ஆளப் புடிச்சிக் கம்பம் நட வச்சேன்" என்றார் அவர். "சாவுல நான் துட்டு பாக்கறதில்ல. அது அசலு. கல்யாணத்துலதான் எங்க ஊட்டுல சோறு."

அம்மா தலை குனிந்தாள். ஆனால் விடவில்லை. "தப்புதான்ப்பா. இருந்தாலும் அசல் வெலைக்கு ஒரு சாமான் வேணும்னா எங்க வீட்டுல ஒருத்தர் சாகணுமாக்கும்?"

பின்வரிசையில் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. பால்ராஜ் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  வெள்ளைச் சட்டை, கையில் கைக்குட்டை. பிறகு துலுக்கானத்தின் பக்கம் திரும்பினார்.

"வானகரத்துல எங்களுக்கு ரெண்டேகால் போட்டிருக்கான்."

"அநியாயம் நைனா" என்றார் துலுக்கானம்.

பால்ராஜ் மாமா உட்கார்ந்துவிட்டார்.

"நாற்காலி வாடகை திருமணத்துக்குத் தடையில்லை" என்றார் போதகர். "வேறு தடை உண்டா?" இல்லை.

கோயில் படிக்கட்டில் பேச்சுவார்த்தை. துலுக்கானம் இரண்டு என்றார், அம்மா அறுபது பைசா என்றாள், போதகர் நடுவில் நின்றார். ஒன்றேகாலுக்குப் படிந்தது. காதுகுத்து ரேட்டு. ஐஸுக்கு முழு விலை, அதில் பேச்சே இல்லை என்றுவிட்டார். அதை உடைத்துச் சபை முழுவதும் சர்பத் குடித்தோம். பால்ராஜ் மாமா மூன்று டம்ளர். சாமியானா இப்போது மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கிறது. செக்‌ஷன் கவரை அப்பா திருப்பிக் கொடுத்தார்; அன்றைக்கே கொண்டுவருகிறோம் என்று மனோகரன் மாமா வாங்கிக்கொண்டார்.

ஆகவே, சித்தி, பதறாமல், முன்பு சொன்ன தேதிக்கே, கலர் புடவையோடு வாருங்கள். சித்தப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளட்டும். அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள், அப்பா தான் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். கர்த்தர் உங்களையும் எங்களையும், விலைவாசி அவருக்கு விட்டுவைக்கிற அளவுக்கு, ஆசீர்வதிப்பாராக.

உங்கள் மகள்,
புஷ்பா

பி.கு. (20-5-92): மேலே எழுதியது எதுவும் தபாலில் உங்களுக்குப் போய்ச் சேராது; ஸ்டேஷனில் கையில்தான் தர வேண்டும். மனோகரன் மாமா இப்போதுதான் வந்து சொன்னார்: புத்தாண்டு வாழ்த்தைப் பார்த்ததும், செத்தது யாரோ தெரியவில்லை, புஷ்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் இருவரும் நேற்றே ரயில் ஏறிவிட்டீர்களாம். பின்னும் ஒன்று. துக்கம் கேட்டுவந்த எல்லோரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. நாற்காலி இருநூறு இப்போது நானூறு. கல்யாண ரேட்டில் இருநூறு எடுத்திருந்தால் நூறு ரூபாய் மிச்சமாகியிருக்கும். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். மலர்வளையம் ஏதாவது வாங்கி வந்திருந்தால் ரயிலில் விட்டுவிடாதீர்கள், அங்கம்மா பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறாளாம்.

கவரில் ஒட்டிய தபால்தலையை ஆவியில் காட்டிப் பிரித்து அம்மாவிடம் கொடுத்தேன். சென்ட்ரலுக்கு வந்து பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினேன். இரண்டு. ஜேம்ஸும் வந்திருக்கிறார்.