தண்ணி விழுதா?

“அண்ணாச்சி, அருவியில தண்ணி விழுதா?”

ஆலங்குளத்திலிருந்து எப்சிபா என்ற அம்மாள் போனில் கேட்டாள். எட்டு ரூம் வேண்டுமாம். குற்றாலத்தில் செல்லப்பா குத்தகைக்கு நடத்தும் லாட்ஜில் இருப்பதே எட்டு ரூம்தான். ‘இந்த வாரமும் காலியாக் கெடந்தா சாவியைக் குடுத்துட்டுப் போயிரும்’ என்று கட்டடக்காரர் வேறு சொல்லியிருந்தார்.

செல்லப்பா எதையும் நாலு பக்கமும் பார்த்துப் பேசுகிறவர். “இப்ப விழலம்மா. மலையில மேகம் நிக்குது, பெஞ்சா விழலாம். காத்து தள்ளிட்டுப் போனா விழாமலும் இருக்கலாம். ரொம்ப விழுந்தா குளிக்கத் தடை போட்டுருவாங்க. உறுதியா ஒண்ணும் சொல்லுததுக்கில்ல.”

“சரி, யோசிச்சுச் சொல்லுதேன்.”

“லாட்ஜ் நடத்துதீங்களா, வானிலை அறிக்கை வாசிக்கீங்களா?” என்றாள் மனைவி உமா மகேஸ்வரி. “அடிச்சுச் சொன்னாத்தான் ஆளு நம்பும்.”

செல்லப்பாவுக்குச் சுருக்கென்றது. லாட்ஜ் தலையணைக்கு உள்ள மரியாதைகூட உண்மைக்கு இல்லையா? திரும்பக் கூப்பிட்டார்.

“கண்டிப்பா விழும்மா. நான் பொறுப்பு.”

“விழுமா?” குரல் இறங்கியது.

நம்பவில்லை. பொறுப்பேற்றாலும் நம்பாத உலகம். போன சீசனில் எடுத்த வீடியோவை, ‘இன்று காலை’ என்று எழுதி அனுப்பினார். அருவி இரைந்து கொட்ட, அடியில் எண்ணெய்த் தலைகள் முண்டியடித்தன.

“பாத்தீங்களா? கால் வைக்க இடமில்ல. தென்காசி வரைக்கும் வண்டி நிக்குது.”

“வேண்டாம் அண்ணாச்சி.” போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் பக்கத்து லாட்ஜ் வாசலில் ஒரு வேன். “எப்சிபாக்கா, பெட்டியை எங்கன வைக்க?” என்று டிரைவர் கேட்டது செல்லப்பா காதில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பக்கத்து லாட்ஜ் தில்லைநாயகத்தின் முன் போய் நின்றார்.

“என்ன புளுகு புளுகி என் பார்ட்டிய இழுத்தீரு வே?”

“புளுகா? சொட்டுத் தண்ணி இல்ல, ஈ காக்கா கெடையாது, சந்தேகம்னா ஆளனுப்பிப் பாத்துக்கோங்கன்னேன். பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க.”

“தண்ணி இல்லன்னு தெரிஞ்சும் எவன்வே குத்தாலத்துக்கு வருவான்? ஊர்ல நியாயம்னு ஒண்ணு இருக்கா?”

டிரைவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“இவங்க உபவாச ஜெபத்துக்கு அமைதியான எடம் தேடுதாங்க அண்ணாச்சி. எவனோ ஒரு லாட்ஜுக்காரன் கூட்டத்தை வீடியோ எடுத்து அனுப்புனதுல, குத்தாலமே வேண்டாம்னு பயந்துட்டாங்க.”