பெட்டிசத்தாரும் கிணற்றடிக் கிடங்கும்

இந்தக் குடாநாட்டிலே குப்பையை இவ்வளவு மரியாதையோடு நடத்திய மனிதர் எங்கள் பெட்டிசத்தாரைத் தவிர வேறொருவர் பிறக்கவில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை.

மலாயாவில் ஏதோ ஒரு கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கர் உத்தியோகம் பார்த்துவிட்டு, பென்சனோடு கோப்பாய்ப் பக்கம் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வந்தவர். பெற்றோர் வைத்த பெயர் தபாற்காரருக்கே மறந்துபோயிற்று. வெயிலானாலும் மழையானாலும் வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. அதன் ஒரு பையில் மைக்கூடு. மறு பையில் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு. ஒழுங்கைக் குப்பையைப் பற்றிக் கிராமச் சங்கத்துக்கு மாதம் இரண்டு பெட்டிசமாவது போகும். பதில் வராவிட்டால், பதில் வராததைக் குறித்து ஒரு பெட்டிசம். அதற்கும் பதில் இல்லையென்றால் குடையை எடுத்துக்கொண்டு தாமே நேரில் போவார். சேர்மன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை ஓட்டிப் பார்த்து, "யோசிச்சு முடிவு சொல்லுறம் ஐயா" என்பார். எட்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

விருந்து முடிந்ததும் எச்சில் இலையைச் சுருட்டி வேலிக்கு மேலால் ஒழுங்கைக்கு எறிவது எங்கள் ஊர் வழக்கம். வேலிக்கு உள்ளே கிடந்தால் அது நம்முடைய குப்பை. வெளியே விழுந்தால் கிராமச் சங்கத்தின் குப்பை. என் மகளுக்கு ஏடு தொடக்கிய நாளிலும் அப்படித்தான் எறிந்தோம். மறுநாட் காலை வாசற் படலையடியில் பெட்டிசத்தார் நின்றார். குடை நுனியில் ஏழெட்டு வாழையிலை குத்தியிருந்தது.

"வாத்தியார், உங்கடை சாமான் வெளியிலை விழுந்து கிடந்தது."

"எங்கடையெண்டு எப்பிடி ஐயா தெரியும்?"

ஓர் இலையை மூக்கடியில் பிடித்தார். "கத்தரிக்காய்க்கு இவ்வளவு வெந்தயம் போடுற வீடு இந்த ஒழுங்கையிலை ஒண்டுதான்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் பாய்ந்து வந்தது. "இலையை மணந்து பாக்கிறதிலும், வந்திருந்து சாப்பிட்டிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் வந்திருப்பன், பிள்ளை."

சொல்லவில்லைதான். பந்தியில் இருந்து இலை எண்ணுவாரோ என்ற பயம். அவர் கோபிக்கவில்லை. "வாழையடியிலை ஒரு கிடங்கு வெட்டித் தாட்டு விடும். வாழை குடுத்ததை வாழையே தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு இலையோடு அடுத்த படலைக்குப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து, சங்கம் சந்தைக் குப்பைக்கு இடம் தேடியது. எங்கள் ஒழுங்கை முடக்கிலே பொதுக் கிணறு. அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு காலத்தில் கல் கிண்டிய கிடங்கு. அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அழுகிய காய்கறியும் மீன் செதிலும் வண்டில் வண்டிலாக வந்து இறங்கின. எங்கள் நிலமோ சுண்ணாம்புக் கல். கிடங்கில் ஊற்றினால் கிணற்றில் ஊறும்.

பெட்டிசத்தார் பெட்டிசம் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தார். சேர்மனோ எங்கள் பள்ளிக்கூட மனேச்சரின் மச்சான். என் உத்தியோகத்தை நினைத்தேன். "நாளைக்குப் பாப்பம் ஐயா" என்றேன். ஐந்து தரம் வந்தார். ஐந்து தரமும் அதே நாளை. அந்தக் கடதாசியை ஒரு தரமாவது விரித்துப் பார்த்திருக்கலாம்.

மாரி பிடித்தது. என் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல், கெட்ட தண்ணீரால் வருகிற டைபோயிட். அந்த இருபத்தொரு நாளைப் பற்றி எழுத இப்போதும் கை வரவில்லை. பிள்ளை பிழைத்தாள் என்பதோடு விடுகிறேன். அவள் எழுந்து இருந்த கிழமை, ஒழுங்கையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படுத்தார்கள். குப்பை வண்டில் அப்போதும் வந்துகொண்டிருந்தது.

நான் பெட்டிசத்தார் வீட்டுக்கு ஓடினேன். "ஐயா, எங்கை, அதைத் தாருங்கோ."

ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. மைக்கூட்டைத் திறந்து வைத்தார். கடதாசியை விரித்தேன். அத்தனையும் இங்கிலீசு. முதல் வசனம் தொடங்கிய பக்கத்தில் முடியவேயில்லை.

"எல்லாப் பெட்டிசமும் இங்கிலீசிலையோ ஐயா?"

"பின்னை? கவுண்மேந்துக் காரியத்தைத் தமிழிலை எழுதினால் சேர்மனுக்கு மரியாதைக் குறைவல்லோ?"

"சங்கத்திலை இங்கிலீசு வாசிக்கிற ஆள் ஆர்?"

மைக்கூட்டை மூடினார். திறந்தார். "ஒவ்வொரு தரமும் பாத்துத் தலையாட்டினவரே..."

அடுத்த கூட்டத்துக்கு ஒழுங்கையே திரண்டு போயிற்று. சங்கத்து அலுமாரியில் எட்டு வருஷப் பெட்டிசமும் பட்டுத் துணியில் சுற்றி, ஒரு பூச்சி அரிக்காமல் இருந்தது. அவ்வளவு பக்தி! நான் எழுந்து கிடங்குப் பெட்டிசத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். நடுவில் ஓர் இடம்: "இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகள் வருமாறு." கீழே பெயர்கள். முதற் பெயர் என் மகளுடையது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் எழுதியது. மேலே வாசிக்காமல் கடதாசியைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினேன். மீதிப் பெயர்களைப் பெட்டிசத்தாரே எழுந்து சொல்லி முடித்தார்.

சேர்மன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "உதுகளைத் தமிழிலை தந்திருக்கலாமே, ஐயா."

"விளங்கேல்லையெண்டு நீங்களும் சொல்லியிருக்கலாமே."

"வெக்கமாய்க் கிடந்தது."

பெட்டிசத்தின் கடைசிப் பந்தியில் அவர் வழியும் எழுதியிருந்தார். தோட்டக்காரர் எருவும் இலைகுழையும் தேடி ஊரூராய் அலைகிறார்கள். சந்தைக் குப்பையை அவர்களே ஏற்றிப் போகட்டும். நான் சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். "சும்மாவோ தாறியள்? நாளைக்கே வண்டில் கொண்டு வாறன்!"

"உவருக்கு மட்டுமோ? என்ரை புகையிலைக்கு வயிறில்லையோ?"

அதுவரை யாரும் தீண்டாத குப்பைக்கு அன்று கைகலப்பு வரப் பார்த்தது. சேர்மன் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தார்.

கிடங்கை ஒட்ட வழித்தார்கள். கிணற்றை மூன்று தரம் இறைத்தார்கள். ஆனாலும் மகளை அந்தப் பக்கம் விட என் மனம் ஒப்பவில்லை. இது எப்படியோ பெட்டிசத்தாருக்குத் தெரிந்துவிட்டது. தன் வளவில் நல்ல கிணறு இருக்க, பொதுக் கிணற்றில் ஒரு செம்பு அள்ளி எல்லாரும் பார்க்கக் குடித்தார். மறுநாள் விடியப் படலையைத் தட்டினார்.

"வாத்தியார், தொட்டுப் பாரும். காய்ச்சல் இருக்கோ?"

நெற்றியைத் தொட்டேன். இல்லை. அடுத்த நாளும் குடித்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாளும். "இண்டைக்கும் சாகேல்லை, எழுதி வையும்!" இருபத்தொரு நாள் வந்தார். அதன் பிறகுதான் என் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

அவர் போய் இரண்டு மாரியாகிறது. விடியக் காலையில் காற்றுக்குப் படலை ஆடினால் இப்போதும் எழுந்து போகிறேன். அந்த நெற்றி எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது!