ஏழேழு நூறு

அடிமானக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பத்து விரல் வாய்த்த பாவத்துக்கு நாமெல்லாம் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு கிடக்க, இவர்கள் மட்டும் கண்ணில் படுகிற எண்ணையெல்லாம், அது பேருந்தின் எண்ணோ செருப்பின் அளவோ, இரண்டிரண்டாகவும் ஏழேழாகவும் பதின்மூன்று பதின்மூன்றாகவும் கட்டுக் கட்டி, அதாவது எண்ணின் அடிமானத்தை மாற்றி எழுதி, அதில் என்ன அழகு தெரிகிறது என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலாவது தேவலை. இருப்பார்களா? சொல்லியே தீர்வார்கள்.

நம் பல் டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனுஷர், கைராசிக்காரர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கிற தொழில். இந்த இனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"அடடா, முப்பத்திரண்டும் முழுசா இருக்கு! ரெண்டு ரெண்டா கட்டி எழுதினா, ஒண்ணு போட்டு அஞ்சு சைபர்!" என்பார், இடுக்கியை ஆட்டிக்கொண்டே. "ஒண்ணே ஒண்ணைப் பிடுங்கிட்டா இன்னும் அழகு. அஞ்சு ஒண்ணு வரிசையா நிக்கும்!"

வலியோடு வந்தவர் வலி போய்விட்டதாகச் சத்தியம் செய்துவிட்டு எழுந்து ஓடுவார்.

இப்பேர்ப்பட்டவரின் மனைவிக்கு நாற்பத்தொன்பது வயது பூர்த்தியாகிற பிறந்தநாள் வந்தது. போன வருஷம் அதை மறந்தே போய், அந்த அம்மாள் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவையும் சொதப்பினால் அவ்வளவுதான். யோசித்து யோசித்துப் பார்த்த டாக்டருக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. ஏழு சேர்ந்தால் ஒரு கட்டு, ஏழு கட்டு சேர்ந்தால் ஒரு மூட்டை. நாற்பத்தொன்பது என்பது சரியாக ஒரே மூட்டை, தனிக் கட்டும் கிடையாது, உதிரியும் கிடையாது. ஒன்று, சைபர், சைபர் என்று எழுதினால் நூறு! கட்டின மனைவியை இதைவிட எப்படிப் புகழ்வது?

கேக் வந்தது. உறவும் அக்கம்பக்கமும் கூடியிருக்க, மூடியைத் திறந்தார். க்ரீமில் கொட்டை எழுத்தில், 100.

கொழுந்தியாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நூறாக்கா? பாத்தா தொண்ணூறுதான் சொல்லலாம்!"

மனைவியின் முகம் சிவந்தது. டாக்டர் வேர்த்து விறுவிறுத்து, தட்டுகளை ஏழேழாக அடுக்கிக் காட்டி, கட்டையும் மூட்டையையும் விளக்கினார். அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"அப்போ எத்தனை எத்தனையா வேணும்னாலும் கட்டலாமா?"

"தாராளமா!"

"நாப்பத்தொன்பதையும் ஒரே கட்டா கட்டிட்டா?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட முதல் கணக்கு! "கட்டு ஒண்ணு, உதிரி சைபர். பத்துன்னு எழுதணும்!"

"அப்போ எனக்குப் பத்து வயசு" என்று கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பத்து வயசுப் பிள்ளைய யாராவது பாத்திரம் தேய்க்கச் சொல்லுவாங்களா? நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீடே சிரித்தது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று இருபத்தேழு தட்டையும் அவர்தான் கழுவினார். மூன்று மூன்றாகக் கட்டினால் அது ஆயிரம் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று, ஏழு கட்டு ஒரு மூட்டை என்று படித்தவுடனே உங்கள் வயதை மனசுக்குள் ஏழேழாகக் கட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் பிழைத்தீர்கள். பார்த்திருந்தால், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போங்கள். பாத்திரம் காத்திருக்கிறது.