"வரேன்" என்று சொல்லாத அதெப்படியார்

சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும், "சௌக்கியமா?" என்று கேட்டவனை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பதில் சொன்ன மனிதர் அதெப்படியார் ஒருவர்தான். "இடது முழங்கால் சௌக்கியமில்லே. வலது பரவாயில்லே. மனசைப் பத்தி இன்னும் முடிவுக்கு வரலே" என்பார். கேட்டவன் ஏறவேண்டிய டிராம் அதற்குள் போயே போயிருக்கும்.

குழந்தைகளே, அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று கேட்பார், அதுவே பேராகிவிட்டது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் தமக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் எழுதமாட்டார். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் "ருசியான சாப்பாடு" என்று எழுதச் சொன்னார். இவர் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பாடு" என்று மட்டும் எழுதிக்கொடுத்தார்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மாடு வைத்திருந்த பால்காரர் கோவிந்தசாமிக்கும் அதே கதிதான். அவர் "சுத்தமான பசும்பால்" என்று கேட்டார். கிடைத்தது "பால்".

"சுத்தமானன்னு போடுங்கண்ணே!"

"அதெப்படி? காலையிலே நீ பால் குவளையோட குழாயடியிலே நின்னே. எதுக்கு நின்னேன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதமாட்டேன்."

கோவிந்தசாமி பலகையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அந்தக் கோவிந்தசாமியின் வீட்டு முன்னறையில்தான் ஞாயிறுதோறும் எங்கள் தர்க்க சபை கூடும். எது உண்மை, எது நியாயம், ஊர் வழக்கத்துக்கு மனிதன் எவ்வளவு தூரம் கட்டுப்படலாம் என்று பேசுவோம். துணிக்கடைக் காதர் பாய் தலைவர். காரணம் காட்டாமல் பேசுகிறவனுக்குத் தேத்தண்ணி கிடையாது என்பது சபைச் சட்டம். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் தேத்தண்ணி குடித்ததே அபூர்வம்.

அதெப்படியாருக்குப் பெண்டு பிள்ளை கிடையாது. வாரமெல்லாம் பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதான் மனிதரோடு பேசுவார். அந்தச் சபைதான் அவருக்குக் குடும்பம். அதற்கே ஒருநாள் ஆபத்து வந்தது.

வழக்கமாக அவர் வாதாடிக்கொண்டே படியிறங்கிவிடுவார். விடைபெறுகிற பழக்கமே இல்லை. அன்று கோவிந்தசாமியின் மனைவி அஞ்சலை கை நிறைய முறுக்கு கொடுத்தாள். மரியாதைக்காகத் திரும்பி, "நான் போறேம்மா" என்று சொல்லிவிட்டார்.

அஞ்சலைக்கு அது நிறைமாதம். முகம் கறுத்துவிட்டது.

"என்னண்ணே, பிள்ளை பெறப்போற வீட்டிலே இப்படியா சொல்றது? 'போயிட்டு வரேன்'னு சொல்லுங்க."

"அதெப்படி? வருவேனான்னு எனக்கே தெரியாதே. வழியிலே டிராம் மோதினா நான் பொய்யனாயிடுவேன்."

"மோதினா நீங்க பொணம். பொய்யன் எங்கேர்ந்து வந்தான்? அந்த வாயாலே 'வரேன்'னு சொன்னாத்தான் இனிமே இந்தப் படி ஏறலாம்!"

அவர் சொல்லவில்லை. படியும் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்து நின்று வாதாடினார். இதற்குள் பிள்ளை பிறந்தது. கோபத்தையும் மறந்து அஞ்சலை அதை ஜன்னலில் காட்டி, "எப்படிண்ணே இருக்கான்?" என்றாள்.

"சிவப்பா, சுருக்கம் சுருக்கமா இருக்கான்" என்றார்.

ஜன்னலும் சாத்தப்பட்டது.

கோவிந்தசாமி கெஞ்சிக் கூத்தாடி ஜன்னலைத் திறந்துவைத்த பிறகு, காதர் பாய் இதையே சபைக்குப் பொருளாக வைத்தார்: வழக்கத்துக்காகச் சொல்வது பொய்யாகுமா? மழை கொட்டுகிறது. வெளியே குடை, உள்ளே தேத்தண்ணி.

"இதப் பாருங்க லா," என்றார் பாய், சிங்கப்பூர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து. "நாளைக்கு மழை வரும்னா அது சேதி. நாளைக்கு நான் வரேன்னா அது வாக்கு. சேதி தெரிஞ்சுதான் சொல்லணும். வாக்கு, மனசிருந்தா சொல்லலாம்."

"காப்பாத்த முடியாமப் போனா?"

"முடியாமப் போறது வேற. மனசில்லாம சொல்றது வேற. உமக்கு இங்கே வர மனசிருக்கா, இல்லையா?"

அதெப்படியார் குடையை மடக்கி, மழையில் நனைந்துகொண்டே, "யோசிக்கணும்" என்று நடந்துவிட்டார்.

யோசித்து முடிக்குமுன் ஊரில் அவருடைய அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி வந்தது. அவரை நாகப்பட்டினம் கப்பலேற்ற நாங்கள் எல்லோரும் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போனோம். அஞ்சலையும் பிள்ளையோடு வந்திருந்தாள். கடலைத் தாண்டிப் போகிறவர். இந்த மனிதர் இப்போதும் "போறேன்" என்று சொல்லித் தொலைக்கப்போகிறாரே என்று எனக்குப் பயம். அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிள்ளையின் தலையைத் தொட்டார்.

"போயிட்டு... வரேன் அஞ்சலை."

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "அதெப்படி?" என்றாள்.

"வந்து காட்டறேன்."

காட்டினார். அக்கா எழுந்து நடமாடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் பயணத்தில் பாதியாக இளைத்து, அதே பெட்டியோடு கோவிந்தசாமி வீட்டு வாசலில் வந்து நின்றார். "நான் அன்னிக்குச் சொன்னது இப்பதான் உண்மையாச்சு" என்றார். அஞ்சலை வழிவிட்டாள். அவர் படியேறினார். காரணம் ஏதும் கேட்காமலே தேத்தண்ணி வந்தது.

குழந்தைகளே, வேலைக்குப் புறப்படும்போது நான் உங்களிடம் "வரேன்" என்கிறேனே, அதைச் சும்மா சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த மனிதர் பக்கத்திலேயே நின்று கேட்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. சாயங்காலமானால் மூச்சிரைக்க ஓடிவருவதும் அதனால்தான்.