வரைபடத்தில் இருந்த ஜன்னல்

இனிமேல் பில்டரிடம் வாயே திறப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தது, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு காலைப் பொழுதில்.

சாதாரணச் சுவர் இல்லை அது. வரைபடத்தில் அங்கே அகலமாக ஒரு ஜன்னல் இருந்தது. வெளியே ஒரு மரம். அந்தச் சின்ன அறையையும் ஜன்னலையும் நம்பித்தான் புது வீட்டுக்கு அவர் தலையாட்டினார். குடிவந்து பார்த்தால் அறை இருந்தது, மரம் இருந்தது, நடுவில் ஜன்னலைக் காணோம். மறந்துபோய்ப் பூசிவிட்டார்கள். வீட்டைக் கட்டிப் பார் என்றவர்கள், கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று சொல்லாமல் போனார்கள். வாங்கிய பிறகு சொல்லத் தெம்பு இருந்திருக்காது.

ஆனாலும் சாய்வு நாற்காலியை அந்தச் சுவருக்கு நேராகத்தான் போட்டுவைத்திருந்தார். வெகுநேரம் பார்த்தால் சுவர் மெல்ல இளகும். பூச்சு பனிபோல விலகும். வெளிச்சம் நழுவி வந்து மடியில் உட்காரும். இலைகளின் நிழல் முழங்காலில் அசையும். கையை நீட்டி ஜன்னல் கதவைத் திறக்கப் போவார்.

"என்னங்க! பாத்ரூம் தண்ணி மறுபடியும் ஹாலுக்கு வந்துடுச்சு!" என்பாள் மனைவி உள்ளேயிருந்து.

சுவர் மறுபடி சுவராகிவிடும்.

பாத்ரூம் தண்ணீருக்கு அதன் போக்கிடமே தெரியவில்லை. விருந்தாளிபோல நேராக ஹாலுக்கு வந்து நின்றது. வாசல் கதவைச் சாத்த இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டும். சமையலறைக் குழாய் ஓயாமல் எதையோ முணுமுணுத்தது. எதைச் சொன்னாலும் பில்டர் தேன் ஒழுகச் சொல்லுவார்: "பார்த்துக்கலாம் சார்."

அவருக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீசில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று ஊரையே திருப்பி அனுப்பியவர். அந்த மருந்தின் கசப்பு இப்போதுதான் அவர் நாக்குக்கே வந்தது.

"இங்க பாரு, இனிமே அந்த ஆளோட ஒரு வார்த்தை கிடையாது. உனக்கும் சேர்த்துத்தான்."

"எனக்குமா?"

"உனக்குத்தான் முக்கியமா. போன தடவை 'வாங்கண்ணே'ன்னு சிரிச்சு காபி வேற கொடுத்தே. சிரிச்சா புகார் செத்துப்போச்சுன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்ல சிரிக்கிறவன் கேஸைத்தான் முதல்ல மூடுவோம்."

"அழுதா?"

"அதை ரெண்டாவதா மூடுவோம். பேசாம உக்காந்திருக்கான் பாரு, அவனைப் பாத்தாத்தான் எங்களுக்கு உதறும்."

"அப்ப அண்ணன்கிட்ட பேசவே கூடாது."

"என்ன பெரிய அண்ணன்! பில்டர். மூச்!"

"சரிங்க. அவர்கிட்ட பேசலை."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் எதற்கும் சரி என்றதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் சுவர் இளக ஆரம்பித்திருந்தது.

கட்டடக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்தார். நடுவர் வருவார், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தார், வாயை மூடிக்கொண்டு.

பிறகு நடந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. ஒருநாள் ஆட்கள் வந்து பாத்ரூம் தரையைப் பெயர்த்து, வாட்டம் பார்த்து மறுபடி போட்டார்கள். வாசல் கதவு சுண்டுவிரலுக்குச் சாத்திக்கொண்டது. குழாய் வாயை மூடியது. தெருவில் எதிர்ப்பட்ட பில்டர் குனிந்த தலை நிமிராமல் ஓரமாகப் போனார். மேகத்தின் மேல் நடப்பதுபோல நம்மவர் ஆபீசுக்குப் போனார்.

"மௌனம் ஒரு ஆயுதம்யா," என்றார் பக்கத்து மேஜைக்காரரிடம்.

"வீட்ல வீசிப் பாத்தீங்களா சார்?"

"அங்க அதை எங்கிட்டேருந்து எப்பவோ பிடுங்கியாச்சு."

ஒன்றுதான் உறுத்தியது. சின்ன அறைப் பக்கம் மட்டும் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என் ஜன்னல் எப்பவாம்?"

"யாரைக் கேக்கறது? நீங்கதானே பேசக்கூடாதுன்னீங்க."

நியாயம்தானே. சிகரத்தைக் கடைசியாக வைப்பார்கள் என்று தேற்றிக்கொண்டார்.

நடுவர் வந்தார். மூக்குக் கண்ணாடி நுனியில் நிற்கும் ஒல்லியான மனிதர். ஹாலில் பில்டரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நம்மவர் விரதத்தை முடித்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலைப் பற்றிப் பேசினார். வெளிச்சத்தைப் பற்றி, காற்றைப் பற்றி, இலைகளின் நிழலைப் பற்றி. நடுவருக்கே கண் சொக்கியது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் நடுவர், பில்டரிடம்.

பில்டர் தலையைச் சொறிந்தார். "ஜன்னல் விஷயம் பேசி முடிஞ்சுபோச்சே சார்."

"யாரோட முடிஞ்சது?" என்று பாய்ந்தார் நம்மவர். பில்டரின் பார்வை காபி ஆற்றிக்கொண்டிருந்த நம்மவர் மனைவி பக்கம் போனது. அவரும் திரும்பினார். "நீ இவர்கிட்ட பேசினியா?"

"ஐயையோ, அண்ணனோட ஒரு வார்த்தை பேசலைங்க. அண்ணிகிட்டதான் பேசினேன்."

பில்டர் நடுவர் பக்கம் திரும்பினார். "தினம் சாயங்காலம் போன் சார். 'அந்தப் பொண்ணு வீட்ல தண்ணி நிக்குது, நீங்க இங்க காலை நீட்டிப் படுத்திருக்கீங்களா'ன்னு என் சம்சாரம் என்னை உக்கார விடலை. அந்தச் சுவரை உடைக்கிறது பெரிய வேலை. அதனால ஜன்னலை இவங்க விட்டுக்கொடுக்கிறது, மத்ததெல்லாம் நான் உடனே செஞ்சு தர்றதுன்னு ரெண்டு பேருமே பேசி முடிச்சுட்டாங்க. எனக்கே அப்புறந்தான் சொன்னாங்க."

"வீடு யார் பேர்ல?" என்றார் நடுவர்.

"ரெண்டு பேர் பேர்லயும்," என்றாள் அவள்.

"அப்ப சாரும் சொல்லணுமே. உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா சார்?"

வாயைத் திறந்தார். மனைவி டம்ளரை நீட்டியபடி அவரையே பார்த்தாள். நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"மௌனம் சம்மதம்," என்று நடுவர் காபியை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் அவர் நாற்காலியில் சரிந்தார். அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"என் ஜன்னலைப் போய்க் கொடுத்துட்டியே."

"கனவு காண ஜன்னல் எதுக்குங்க? கண்ணை மூடிக்கிட்டுத்தானே காண்றீங்க?"

கண்ணை மூடிப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். சுவர் இளகியது. ஜன்னல் திறந்தது, வரைபடத்தில் இருந்ததைவிட அகலமாக. காற்று வந்தது. மரத்தைப் பார்க்க ஆசையாக எட்டினார்.

ஜன்னல் முழுக்க அவள் ஈரத்துணி காயப் போட்டிருந்தாள்.