டப்பா தியேட்டரும் என் காலிக் குழாயும்

ஐந்தாம் வகுப்பு வாசலோடு நின்றவன் நான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீட்டில் பிறந்து, சென்ட்ரிங் பலகை சுமந்து, சாரம் கட்டி, கொத்தனாராகி, காண்ட்ராக்டரானவன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பாறை நிலத்தை வாங்கியபோது, "இங்க தண்ணியும் வராது, மனுஷனும் வரமாட்டான்" என்று சிரித்தார்கள். போர் போட்டேன், தண்ணீர் வந்தது. மூன்று மாடி எழுப்பி ஹாஸ்டல் என்று போர்டு மாட்டினேன், கம்பெனிப் பிள்ளைகள் வந்தார்கள். சம்ப், செப்டிக் டேங்க், மாடிப்படி, சாப்பாட்டு ஹால் எல்லாம் என் மண்டைக்குள் வரைந்த பிளான்தான். இன்றைக்கு வரை ஒரு விரிசல் காட்டட்டும், பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்ட என் ஹாலில் போன மாதம் பழைய பிள்ளைகள் கூடி, தொப்பையும் வழுக்கையுமாக வந்து இறங்கி, ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'டப்பா தியேட்டர் நண்பர்கள் சந்திப்பு.' சுவர் என்னுடையது, சாப்பாடு என்னுடையது, பெயர் மட்டும் டப்பாவுடையது. அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டப்பா யார் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரை சல்லடை போட்டுச் சலித்தாலும், மனிதனை 'அவன்' என்றும் மெஷினை 'அவர்' என்றும் சொல்கிற இன்னொரு பிறவி கிடைக்காது. ஊர் ஆம்பூர் பக்கம். ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கிற வேலை. என்னிடம் வந்தபோது துணிக்கு ஒரு பை, மற்றதெல்லாம் அட்டைப்பெட்டி. பெயர் கேட்பதற்குள் பிள்ளைகள் டப்பா என்று வைத்துவிட்டார்கள். அவனும் மறுக்கவில்லை.

ஜன்னல் பக்கம் கட்டில் கொடுத்தேன். அதில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டு இவன் பாத்ரூம் கதவோரம் பாய் விரித்தான்.

"ஏம்பா, கட்டில்ல பெட்டிய வெச்சிட்டு நீ ஏன் கீழ படுக்கற?"

"அவருக்குக் காத்து வேணும் ஓனரே. சூடானா மனசு விட்டுடுவாரு."

"உனக்கு வேணாமா?"

"எனக்கென்ன, நான் ரிப்பேரானா ஆஸ்பத்திரி இருக்குது."

இப்படிப்பட்டவனிடம் வாடகைதாரனா மெஷினா என்று எதைத் திட்டுவது? இரண்டையும் திட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அந்தக் காலத்தில் ஹாலில் ஒரே டிவி. ஒருவன் அக்கா கல்யாண சிடி போடுவான், இன்னொருவன் ஊர்த் திருவிழா சிடியோடு நிற்பான், சாப்பாட்டுத் தட்டோடு சண்டை. டப்பா ஒரு நாள் எல்லோருடைய சிடியையும் வாங்கி அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஏற்றினான். பிறகு டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் இன்னொன்றை வைத்தான். "இவரு பிளேயரு. மாடியில என் கட்டில்ல இருக்கற பெரியவருகிட்ட போய்க் கேட்டு, எது வேணுமோ எடுத்தாந்து காட்டுவாரு" என்றான்.

மாடியிலிருந்து ஹாலுக்கு எப்படிப் போவது? வயர் வேண்டும். ஐயா டிரில்லிங் மெஷினோடு என் சுவர் முன்னால் நிற்கிறார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து சைட் வாட்ச்மேன் ஓடி வந்தான்.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். கேபிள் டிவி வந்த புதிதில், வீடு வீடாகப் பூசிய சுவரை உடைத்து உடைத்து வயர் இழுத்த கலீஜ் வேலையைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் என் கட்டடத்தில் அறைக்கு அறை சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் சும்மா போட்டு வைத்தேன். "காலிக் குழாய்க்கு சிமென்ட் பூசறியே, பைத்தியமா?" என்று மேஸ்திரியே கேட்டான். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஏதோ வரும் என்று தெரியும். அதற்குப் படிப்பு தேவையில்லை.

மூடியைத் திறந்து காட்டினேன். டப்பா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். எழுந்திருக்கவே இல்லை.

"இவரு எவ்ளோ வருஷமா காலியா காத்துட்டு இருக்காரு?" என்றான். குழாயைத்தான் சொன்னான், என்னை இல்லை.

வயர் போயிற்று. ஆனாலும் டிவியில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றே வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். டப்பா மட்டும், "புதுசா வந்தவரு, பெரியவரைப் பாத்துக் கூச்சப்படறாரு" என்று ஒரு ஞாயிறு பூராவும் எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் திடீரென்று டிவியில் யாரோ ஒருவனின் அக்கா மாலையும் கழுத்துமாக வந்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு என் ஹாஸ்டலே கைதட்டியது. அன்றிலிருந்து சிடி சண்டை ஒழிந்தது, ஹாலுக்கு டப்பா தியேட்டர் என்று பெயரும் வந்தது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. என் கட்டடத்தில் எல்லா மெஷினுக்கும் அன்று ஓய்வு. மோட்டார் முதல் மிக்ஸி வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். பெரியவர், பிளேயர், பிள்ளைகளின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் துடைத்து, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, சாயங்காலம் நானே என் கையால் ஒவ்வொன்றாக சுவிட்ச் போட்டேன்.

அன்றைக்கு என் மச்சானை அழைத்திருந்தேன். மனைவியின் தம்பி, அரசாங்கத்தில் இன்ஜினியர். நான் கட்டும் எதையும் தட்டிப் பார்த்து, "நிக்குமா மாமா?" என்பவர். அவர் வராமல் போன இந்தக் கட்டடத்தின் கிரகப்பிரவேச வீடியோவைப் பெரியவருக்குள் ஏற்றி, பட்டியலில் முதல் வரியில் வைத்திருந்தான் டப்பா. இன்ஜினியர் கண் முன்னால் என் கட்டடம் டிவியில் வர வேண்டும். அதுவும் நான் போட்ட குழாய் வழியாக. இதற்காகவே நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன்.

ரிமோட்டை எடுத்து முதல் வரியை அழுத்தினேன்.

டிவியில் மேளம் இல்லை, தோரணம் இல்லை. மோட்டார் ரூம் வாசலில் ஒரு கிழவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எவன்டா குழாய மூடாம போனது? உங்கப்பன் ஊர்ல காவிரி ஓடுதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். நான்தான்.

மச்சான் சோபாவில் சரிந்துவிட்டார். "மாமா, இது எந்தக் கிரகத்துப் பிரவேசம்?" என்றார். பிள்ளைகள் பொரியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"டேய் டப்பா, என்னப் படம் பிடிச்சியா?"

"உங்கள யாரு பிடிச்சா? மோட்டாரு ரெண்டு நாளா குரல் சரியில்லாம இருந்தாரு. அதப் பதிவு பண்ணேன். நீங்க நடுவுல வந்துட்டீங்க."

"அது ஏன் இதுல வருது?"

"பிளேயரு மேல தப்பில்ல. அந்த மூலையில இருக்கற ரவுட்டருதான் எல்லாருக்கும் நம்பர் கொடுக்கறவரு. நீங்க எல்லாரையும் ஒண்ணா தூங்க வெச்சு, இஷ்டத்துக்கு எழுப்புனீங்க. எழுந்த வரிசையில நம்பர் வாங்கிக்கிட்டாங்க. பெரியவரோட பழைய நம்பர்ல இப்ப என் கம்ப்யூட்டரு இருக்காரு. பிளேயரு பாவம், பழைய நம்பரத் தேடி நேரா அவருகிட்ட போயிட்டாரு. நானும் எல்லா இடத்துலயும் வீடியோ ஃபோல்டருக்கு ஒரே பேரு வெச்சிருந்தேனா, வந்த எடம் சரின்னு நெனச்சு, அங்க மொத வரியில இருந்த மோட்டாரு பதிவப் போட்டுட்டாரு."

மச்சான் விடவில்லை. "பூஜை போட்டுக் கெடுத்தீங்களா மாமா? நீங்க செங்கல்லோட நின்னுக்கணும். இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்."

டப்பா பெரியவருக்கு இனி மாறாத நம்பரைப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் பேசினான்.

"சார், நீங்க கட்டின ஆபீஸ்ல வயர் எல்லாம் எப்டி போவுது?"

"செவுத்து மேலதான். ஆணி அடிச்சு."

"இங்க எங்கயாவது வயர் தெரியுதா, பாருங்க."

மச்சான் நாலு சுவரையும் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்தக் கட்டும்போதே செவுத்துக்குள்ள வழி விட்டு வெச்சிருக்காரு ஓனரு. எங்க கம்பெனில கூட இத யோசிக்கல. அவரு குழாய் இல்லன்னா நான் வெறும் பெட்டிய வெச்சிட்டு உக்காந்திருப்பேன்."

மச்சான் தட்டில் மிச்சமிருந்த பொரியைக் கிளறினார். பிறகு கிரகப்பிரவேச வீடியோ ஓடியது. முழுசும் பார்த்தார். நிற்குமா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்று வரை கேட்கவில்லை.

டப்பா பிறகு சிங்கப்பூர் போனான், அங்கிருந்து வேறு எங்கேயோ. போகும்போது மோட்டாரிடம் சொல்லிக்கொண்டு போனான். என்னிடம் சாவியை மட்டும் கொடுத்தான். அதற்கும் அன்றைக்குக் கோபப்பட்டேன்.

சந்திப்புக்கு அவன் வரவில்லை. அவன் போன் நம்பர் யாரிடமும் இல்லை. வாசலில் ஆட்டோ நின்றபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். மேடையேறியவர்கள் எல்லாம் டப்பா இழுத்த வயரைப் பற்றிப் பேசினார்கள். அந்த வயர் எதற்குள் போயிற்று என்று ஒருவனும் சொல்லவில்லை. அத்தனை வருஷம் என் சாம்பாரைக் குடித்தவர்கள்.

ஆகவே, அடுத்த முறை ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 'குழாய்: ஓனர்' என்று போட்டாக வேண்டும். 'உதவி' என்று போட்டால் கிழித்துவிடுவேன். பெரிய எழுத்து வேண்டாம், என் படம் வேண்டாம், தனி வரிகூட வேண்டாம். டப்பா என்ற பெயர் எங்கே இருக்கிறதோ, அதை ஒட்டி இருந்தால் போதும்.