நண்டு அரசனின் எட்டாவது கால்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

மழைக்காலம் தொடங்கி, உங்கள் வாசலில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்ந்திருக்கும் இந்த நாட்களில் நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியம்மா கொடுத்தனுப்பிய பிளம் ஊறுகாய் பிரமாதம். ஒரு கடிதத்துக்கு உரிய மரியாதைகள் இத்துடன் முடிந்தன. இனி வருவது முழுக்கக் கோபம். பெரியம்மா வழக்கம்போல உரக்கப் படிக்கச் சொன்னால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் சுரக்குறிப்பில் கை வைக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? 'நிலாக்கடல் மாலுமி' என்ற பழைய வீடியோ கேமில் நண்டு அரசன் வரும்போது ஒலிக்கிற இசையை, நீங்கள் நடத்துகிற ஹமாமட்சு கடைவீதி ஊதுகருவிக் குழு வாசிக்கும்படி எழுதிக் கொடு என்று கேட்டது நீங்கள்தான். அதற்கு அச்சிட்ட குறிப்பு எங்கும் கிடையாது. குளிர்காலம் முழுக்க நூலக வேலை முடிந்து வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நண்டிடம் திரும்பத் திரும்பச் செத்துச் செத்துக் காதால் கேட்டு எழுதினேன். சுரங்கள் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. தாளக்குறிதான் என்னைக் கொன்றது. முதல் வரியின் தொடக்கத்தில் போடுகிற அந்தச் சின்ன எண் தப்பானால், சுரமெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு வேறாகிவிடும். நாலும் மூன்றுமாக மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் செருப்பை மாற்றிக்கொண்டு நடப்பவனைப் போல இருந்தது. கடைசியில் விடை திரையிலேயே கிடைத்தது. கொடுக்குகளை விட்டுவிட்டு எண்ணுங்கள், பெரியப்பா: எல்லா நண்டுக்கும் எட்டுக் கால், நண்டு அரசனுக்கு ஏழு. ஏதோ பழைய போரில் ஒரு காலை இழந்தவன் அவன். அந்த நொண்டல்தான் தாளம். இழந்ததைச் சுமந்துகொண்டு நடக்கிற ஒரு அரசனின் துக்கத்தை ஏழு அடிகளில் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தபோது நான் அழுதுவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதும் கோபத்தில்தான்.

போன சனிக்கிழமை ஒத்திகைக்கு நகோயாவிலிருந்து ரயிலேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குழுவினர் ஏழு என்ற கணக்கை மறக்கக் கூடாது என்றுதான் 'ஹ-மா-மட்-சு உ-ன-கி' என்று ஊர்ப் பெயரோடு விலாங்கு மீனைச் சேர்த்து ஒரு வாய்க்கணக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். விலாங்குக் கடை வைத்திருக்கிற உங்கள் டிரம்காரர் குரேபயாஷி அதை வேதம் மாதிரி ஓதிக்கொண்டுதான் அடித்தார். ஆனால் 'உனகி' முடிந்ததும் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். மறுபடி ஏழு, மறுபடி ஒரு நிறுத்தம். முதலில் ஏதோ தவறு என்று நினைத்தேன். பிறகு டூபா என்ற ராட்சத ஊதுகுழலை வாசிக்கிற ஒகாதா தாத்தாவின் தாளை எட்டிப் பார்த்தால், நான் எழுதிய ஏழு என்பதை அடித்துவிட்டு நாலுக்கு நாலு, அதாவது சுற்றுக்கு எட்டு, என்று உங்கள் கையெழுத்து, ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் சிவப்பு மையில் ஒரு ஓய்வுக்குறி! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏம்மா சிஹாயா, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? ஒரு சுரத்தையாவது தொட்டேனா? சும்மா கொஞ்சம் எடம் விட்டேன், அவ்ளோதான்."

"எடம் விட்டா அது வேற பாட்டு, பெரியப்பா!"

"இந்தாம்மா," என்றார் ஒகாதா தாத்தா, டூபாவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி. "நீ ஏழுன்னு எழுதிப்புட்டு நகோயாவுக்குப் போயிருவ. மூச்ச நான்ல விடணும்? மொதல் பக்கம் முடியறதுக்குள்ள எனக்குக் கண்ணு இருட்டிருச்சு."

குரேபயாஷி தன் பங்குக்குக் குச்சியால் என்னைச் சுட்டினார். "நீயே சொல்லு. என் கடையில விலாங்கு தின்னவன் என்ன பண்ணுவான்? ஒரு ஏப்பம் விடுவான்ல? அந்த ஏப்பம்தான் எட்டாவது!"

குழு மொத்தமும் சிரித்தது. நீங்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக. நான் குடையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன். நனைந்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இது வெறும் வீம்பு என்று நினைக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் முதல் வரிசையில் உட்காரப் போவது யார்? அந்த இசையை அமைத்த ஹிகிதா அவர்களே. தன் இசையைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று ஒதுங்கி இருப்பவர், நான் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய பிறகு வருகிறேன் என்றிருக்கிறார். நிகழ்ச்சித் தாளில் 'கேட்டு எழுதியவர்: சிஹாயா' என்று அச்சாகிவிட்டது. என் பெயர் எங்காவது அச்சாவது இதுவே முதல் முறை. அந்தப் பெயருக்குக் கீழே அவருடைய அரசன் சுற்றுக்கு ஒரு ஏப்பம் விட்டுக்கொண்டு நடக்கப் போகிறான், அதை அவர் உட்கார்ந்து கேட்கப் போகிறார். எனக்கு எங்கே போய் முகத்தை வெச்சுக்கறதுன்னு தெரியல, பெரியப்பா. நாப்பது வருஷமா குச்சி ஆட்டறீங்களே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சின்ன வயசுல என் ஓவியத்துல சூரியனுக்கு மீசை வரைஞ்சது நீங்கதானே. அதே புத்தி.

ஆகவே இரண்டில் ஒன்று. சிவப்பு ஓய்வுகளை எல்லாம் அழித்துவிட்டு ஏழில் வாசியுங்கள். இல்லையென்றால் நிகழ்ச்சித் தாளில் என் பெயர் மேல் காகிதம் ஒட்டி மறையுங்கள். ஹிகிதா அவர்களுக்கு இப்போதே தொலைபேசியில் பேசி, தயவுசெய்து வர வேண்டாம் என்று நானே சொல்லப் போகிறேன்.

மழையில் மூட்டு வலி கூடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம் மட்டும்.

கோபம் தணியாத,
சிஹாயா

பி.கு.: ஹிகிதா அவர்களிடம் பேசிவிட்டேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், "எட்டா வாசிக்கிறாங்களா? யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டார். என் பெரியப்பா என்றேன். "நான் எழுதினதே எட்டுதாம்மா. அந்தக் காலத்து கேம் மெஷின்ல எடம் பத்தல. சுத்துக்கு ஒரு சுரம் வெட்டுன்னு சொல்லிட்டாங்க, வெட்டினேன். அதுக்கப்புறம் அந்தப் பாட்டக் கேக்கவே எனக்குப் பிடிக்கல" என்றார். நான் விடவில்லை, நண்டின் கால் ஏழுதானே என்றேன். "அதுவா? படம் வரைஞ்சவனுக்கும் எடம் பத்தல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறார். ஓய்வுகளை அழிக்காதீர்கள். என் பெயர் மேல் எதையும் ஒட்டாதீர்கள். நீங்கள் காலியாக விட்ட இடத்தில் இருந்த சுரங்களை அவர் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினார். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒகாதா தாத்தாவுக்கு மட்டும் அது ஓய்வாகவே இருக்கட்டும், மூச்சு விடட்டும்.

மேலே உள்ள கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். மாட்டேன். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அது ஏழிலும் தப்பு, எட்டிலும் தப்புதான்.